கேட்டுவிட்டு அணைப்போம்

எங்கள் பிரதேசத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்று ஒரு மடிக்கணினியைக் காண்பது அரிதல்ல. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டு ஒன்லைன் வகுப்புகள் தொடங்கிய காலத்தில், கைப்பேசியின் சிறிய திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்த பிள்ளைகளுக்காகப் பெற்றோர் எத்தனையோ செலவுகளைத் தள்ளிப்போட்டார்கள். புதிதாக வாங்க முடியாதவர்கள் பாவித்ததை வாங்கித் தந்தார்கள். வெளிநாட்டில் தொழில் செய்யும் நானாவோ மாமாவோ கொண்டுவந்து கொடுத்த வீடுகளும் உண்டு. பொருள் இப்படி வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கையாளும் துணிவுதான் இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் குறையை ஒரு மிகச் சிறிய விடயத்தை வைத்தே இங்கு பேச விரும்புகிறேன்.

தட்டெழுதிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு விசையில் விரல் படுகிறது. திரையின் நடுவிலோ மூலையிலோ ஒரு கறுப்புப் பெட்டி தோன்றுகிறது. அதற்குள் ஒரு பூட்டின் படம், அல்லது பெரிய ஆங்கில எழுத்து ஒன்று. இரண்டு விநாடி நின்று மறைகிறது. சில கணினிகளில் மறையாமலே நிற்கிறது. இன்னொரு நாள், ‘டிங்’ என்ற சத்தத்தோடு ஏதோ ஒரு கேள்வி எழும்புகிறது. வேறொரு நாள், ஒரு முழு விசைப்பலகையின் படமே திரையின் அரைவாசியை மூடிக்கொள்கிறது. உடனே வீட்டில் ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது: “வைரஸ் வந்திட்டு.” மடிக்கணினி மூடப்பட்டு, பைக்குள் வைக்கப்பட்டு, திருத்தும் கடைக்குப் போகிறது.

என் கருத்து இதுதான். இந்தக் குறிகளில் பெரும்பாலானவை கோளாறுகள் அல்ல. கணினி நமக்குச் சொல்லும் செய்திகள். அவற்றை வாசிக்கத் தெரிந்த மாணவி, வேண்டாததை ஐந்து நிமிடத்தில் தானே அணைத்துவிடலாம். அணைக்கக் கூடாத ஒன்றிரண்டையும் அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளலாம். இதை எங்களுக்குப் பாடசாலை கற்பிக்க வேண்டும். வீடு அனுமதிக்க வேண்டும்.

முதலில், அந்தப் பெட்டி ஏன் வந்தது என்று பார்ப்போம். அதற்குப் பழைய தட்டச்சுப் பொறிவரை போக வேண்டும். ஒரே விசையில் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் வைத்து, ‘ஷிப்ட்’ விசையால் மாற்றிக்கொள்ளும் முறை 1878 இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் இலக்கப் பொறியில் அறிமுகமானது. அந்த விசையை அழுத்தும்போது பொறியின் பாரமான ஒரு பகுதியே உண்மையில் இடம் மாறும். அதைச் சின்ன விரலால் நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பது கடினம். ஆகவே விசையைக் கீழே பூட்டி வைக்க இன்னொரு விசை வந்தது. பூட்டினால் அது கீழேயே நிற்கும். கண்ணால் பார்க்கலாம், விரலால் தொட்டு உணரலாம். தனியாக ஒரு குறி அங்கே தேவைப்படவில்லை.

கணினியில் அந்தப் பூட்டுக்குக் ‘கெப்ஸ் லொக்’ என்று பெயர். ஆனால் இங்கே அழுத்தியதும் விசை மேலே வந்துவிடுகிறது. பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று விசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் விசைப்பலகையில் ஒரு சிறு விளக்கு வைத்தார்கள். பிறகு மடிக்கணினிகள் மெலியத் தொடங்கின; செலவைக் குறைக்கும் போட்டியும் கூடியது. பல கணினிகளில் அந்த விளக்கும் இல்லாமற் போனது. விளக்கின் வேலையைச் செய்வதற்காக, கணினியைத் தயாரித்த நிறுவனம் ஒரு சிறு மென்பொருளை உள்ளே வைத்து, திரையில் பெட்டியைத் தோன்றச் செய்தது. நம்மைப் பயமுறுத்தும் கறுப்புப் பெட்டியின் முழு வரலாறும் இவ்வளவுதான்.

இதிலிருந்து ஓர் உண்மை புரிகிறது. அநேகமான மடிக்கணினிகளில் அந்தப் பெட்டியை வைத்தது விண்டோஸ் அல்ல, தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருள். வயரில்லாத விசைப்பலகை ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தால், அதனோடு வந்த மென்பொருளாகவும் இருக்கலாம். ஆகவே விண்டோஸ் செட்டிங்ஸ் முழுவதையும் தேடிவிட்டு, “எங்கேயும் இல்லை, இது வைரஸ்தான்” என்று முடிவு கட்டுவது, அடுத்த வீட்டு மின்விளக்கின் சுவிட்சை நம் வீட்டில் தேடுவது போன்றது.

சரியான இடத்தில் தேடும் முறை இது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, உங்கள் கணினி நிறுவனத்தின் பெயரைத் தட்டெழுதுங்கள். அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுச் செயலி ஒன்று இருந்தால் மேலே வரும். அதைத் திறந்து, கீபோர்ட் அல்லது டிஸ்ப்ளே என்ற பகுதியில், கெப்ஸ் லொக், நம் லொக் அறிவிப்பு பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அணைத்தாலே போதும். அப்படி எதுவும் இல்லையென்றால், கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்டப் என்ற பகுதியில், கணினி எழும்பும்போதே சேர்ந்து எழும்பும் மென்பொருட்களின் பட்டியல் இருக்கும். நிறுவனத்தின் பெயரோடு ‘ஹொட்கீ’ என்றோ ‘ஒன் ஸ்க்ரீன் டிஸ்ப்ளே’ என்றோ ஒன்று தென்பட்டால், அதைத் தெரிவு செய்து ‘டிஸேபிள்’ கொடுத்து, கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடக்குங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த மென்பொருளை முற்றாக அழித்துவிடாதீர்கள். டிஸேபிள் மட்டும் செய்யுங்கள். சில கணினிகளில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளையும் சத்தத்துக்கான விசைகளையும் அதே மென்பொருள்தான் கவனிக்கிறது. அவை வேலை செய்யாமற் போனால், அதே இடத்துக்குப் போய் ‘எனேபிள்’ கொடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மாற்றுவதற்கு முன், என்ன மாற்றினோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். கைப்பேசியால் திரையை ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும்.

மற்றக் குறிகளுக்கும் இதுபோலவே காரணங்கள் உண்டு. ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால், ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று கணினி கேட்கும். வலப்பக்க ஷிப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் ‘ஃபில்டர் கீஸ்’ வேண்டுமா என்று கேட்கும். நம் லொக்கை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் ‘டொகிள் கீஸ்’. அது இயங்கினால், பூட்டு விசைகளை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சத்தம் வரும். விண்டோஸ் விசை, கொன்ட்ரோல், ஆங்கில ஓ எழுத்து ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையில் விசைப்பலகை தோன்றும். மீண்டும் அதே மூன்றையும் அழுத்தினால் மறையும். இவை நான்கையும் விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், அக்ஸசிபிலிட்டி, கீபோர்ட் என்ற வழியில் காணலாம். விண்டோஸ் 10 இல் அக்ஸசிபிலிட்டி என்ற பெயருக்குப் பதிலாக ‘ஈஸ் ஒஃப் அக்ஸஸ்’ என்று இருக்கும். அங்கே, குறுக்கு விசையால் இது இயங்க வேண்டுமா என்ற வரியை அணைத்துவிட்டால், தவறுதலாக விரல் பட்டாலும் அந்தக் கேள்வி எழும்பாது.

இன்னொன்றும் உண்டு. எண்களுக்கென்று தனிப்பகுதி இல்லாத சில சிறிய மடிக்கணினிகளில், நம் லொக் இயங்கும்போது வலக்கைப் பக்கத்து எழுத்து விசைகள் எண்களாக மாறிவிடும். பெயர் எழுதப் போனால் நடுவில் நான்கும் ஐந்தும் ஆறும் வந்து விழும். கடவுச்சொல்லை எத்தனை முறை சரியாக அடித்தாலும் பிழை என்றே கணினி சொல்லும். அந்த நேரத்தில் நம் லொக்கின் குறி திரையில் தெரிந்தால், அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த விடயம் புரிவது இலகுவாக இருக்க வேண்டும். கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு வழி காட்ட, இடப்பக்கத்தில் சிவப்பு அடையாளமும் வலப்பக்கத்தில் பச்சை அடையாளமும் வைப்பது எங்கள் நாட்டில் பின்பற்றப்படும் சர்வதேச முறை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இது மறுபக்கமாக இருக்கும். கரையில் நிற்பவருக்கு அது வெறும் வெளிச்சம். படகு ஓட்டுபவருக்கு அது ஒரு வாக்கியம். வெளிச்சம் கண்ணில் படுகிறதே என்பதற்காக எந்தக் கடற்றொழிலாளியும் அதை அணைக்கச் சொல்லமாட்டார். அது என்ன சொல்கிறது, யார் வைத்தது, யாருக்காக வைத்தது என்று அவருக்குத் தெரியும். திரையில் தோன்றும் குறியிடமும் இந்த மூன்று கேள்விகளையே நாம் கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதேயில்லை. ஸ்டிக்கி கீஸ் யாருக்காக? இரண்டு மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்த முடியாதவர்களுக்காக. ஒரு கையால் மட்டும் தட்டெழுதுபவர் முதலில் கொன்ட்ரோலை அழுத்தி, கையை எடுத்து, பிறகு மற்ற விசையை அழுத்தலாம். ஃபில்டர் கீஸ் கை நடுங்குபவர்களுக்காக. ஒரே விசை தவறுதலாகப் பலமுறை அழுந்தினாலும், கணினி அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். டொகிள் கீஸின் சத்தம், விளக்கைப் பார்க்க முடியாதவர்களுக்காக. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ட்ரேஸ் ஆய்வு நிலையம் இத்தகைய வசதிகளை உருவாக்கியது. விண்டோஸ் 95 முதல் அவை விண்டோஸுக்குள்ளேயே வருகின்றன.

பாரிசவாதத்தால் ஒரு கை இயங்காமற் போன பெரியவர் ஒருவர் நம் குடும்பங்களில் இருக்கலாம். கை நடுங்கும் வாப்பும்மா இருக்கலாம். அவர்களுக்கு வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு இரண்டு வரி எழுத ஆசை இருக்கலாம். நமக்கு ‘தொல்லை’ என்று தோன்றிய குறி அவர்களுக்கு ஒரு கை. ஆகவே, என் கணினியில் இதை அணைக்கிறேன் என்பது வேறு. இது எதற்கும் உதவாத ஒன்று என்று சொல்வது வேறு.

தமிழில் தட்டெழுதும் எங்களுக்குக் கெப்ஸ் லொக்கின் குறி இன்னும் முக்கியமானது. ஆங்கிலத்தில் கெப்ஸ் லொக் தவறுதலாக இயங்கினால் சிறிய எழுத்துப் பெரிய எழுத்தாகும், சொல் மாறாது. பாமினி எழுத்துருவில் சொல்லே மாறிவிடும். ‘அ’வும் ‘ஆ’வும் ஒரே விசையில் இருக்கின்றன. ‘எ’வும் ‘ஏ’யும், ‘ஒ’வும் ‘ஓ’வும் அப்படியே. ‘க’ இருக்கும் விசையில் ‘கு’, ‘ட’ இருக்கும் விசையில் ‘டு’, ‘ல’ இருக்கும் விசையில் ‘லு’. கெப்ஸ் லொக் இயங்கும்போது ‘கடல்’ என்று அடித்துப் பாருங்கள். ‘குடுலு’ என்று வந்து, அதன் தலையில் ஒரு புள்ளியும் ஏறி நிற்கும். ஒரு பக்கம் முழுவதும் இப்படி அடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பவருக்குத்தான் அந்தச் சின்னக் குறியின் அருமை தெரியும்.

இதே புள்ளி தட்டச்சுப் பொறியிலும் ஒரு சிக்கலாகவே இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் தொழில் பார்த்த ஆர். முத்தையா அவர்கள் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி செய்யப் புகுந்தபோது, அடித்தாலும் தாள் நகராத ‘நகரா விசை’களை அதில் வைத்தார். புள்ளியை முதலில் அடித்தால், தாள் நகராமல் நிற்கும். அதே இடத்தில் எழுத்து வந்து விழும். ஒரு விசை நகர வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்ததனால்தான் தமிழ் அந்தப் பொறிக்குள் ஏறியது. நம் கையிலிருக்கும் விசைப்பலகையைப் பற்றி யோசிப்பது நமக்கு அந்நியமான வேலையல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்று தமிழுக்கு யுனிகோட் இருக்கிறது. இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 : 2008 என்ற தேசிய நியமமும், அதற்குரிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1999 இல் தமிழ்99 அமைப்பை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. யுனிகோடில் எழுதினால், எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும். பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குவியல்தான் மிஞ்சும்.

யுனிகோடில் தமிழை எழுத, விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் திரையின் கீழ் வலது மூலையில், இப்போது எந்த மொழி இயங்குகிறது என்று காட்டும் ஒரு சிறு குறி வந்து நிற்கும். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். வீடுகளில் பலர் ‘வேண்டாம்’ என்று அகற்றச் சொல்லும் குறிகளில் இதுவும் ஒன்று. அகற்றப் போகிறவர் குறியை மட்டும் அகற்றுவதில்லை; மொழியையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார். குறி போய்விடுகிறது. அதோடு தமிழும் போய்விடுகிறது. பிறகு அந்தக் கணினியில் ஒரு தமிழ்க் கட்டுரையை எழுத வழியில்லாமல், பிள்ளை ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறாள். அணைக்கக் கூடாத குறி ஒன்று உண்டென்றால், என் கணக்கில் அது இதுதான்.

இவ்வளவையும் அறியாமல் இருப்பதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். என் சாச்சியின் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் அவளுடைய மடிக்கணினியின் விசைகள் வேலை செய்யவில்லை. மெதுவாகத் தட்டினால் எழுத்து விழாது. அழுத்திப் பிடித்தால் மட்டும் விழும். கீழ்மூலையில் புதிதாக ஒரு சிறு குறி இருந்தது. அது என்னவென்று யாரும் பார்க்கவில்லை. கணினி ஒரு கடைக்குப் போனது. ‘போமட்’ செய்ய வேண்டும் என்றார்கள். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. விசைகள் நன்றாக வேலை செய்தன. ஆனால் அவள் மூன்று மாதமாகத் தட்டெழுதி வைத்திருந்த செயற்றிட்ட அறிக்கை இல்லை. தமிழ் விசைப்பலகை இல்லை. குடும்பப் படங்கள் இல்லை.

இரண்டு மாதத்தின் பின் அதே கோளாறு மீண்டும் வந்தது. இம்முறை நானும் அவளும் அந்தக் குறியின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம். ஃபில்டர் கீஸ் என்று பெயர் வந்தது. புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போது வலக்கையை விசைப்பலகையின் ஓரத்தில் ஊன்றிக்கொள்வது அவளுடைய பழக்கம். வலப்பக்க ஷிப்ட் எட்டு விநாடிக்கு மேல் அழுந்தியிருக்கிறது. எழும்பிய கேள்விக்கு என்டர் விசை ‘ஆம்’ என்று பதில் சொல்லியிருக்கிறது. செட்டிங்ஸில் ஒரே ஒரு வரியை அணைத்தோம். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. முதல் முறை போன பணத்தைப் பற்றிச் சாச்சி ஒன்றும் சொல்லவில்லை. போன படங்களைப் பற்றித்தான் இன்றும் சொல்கிறார். அவற்றில் என் பெரியப்பாவின் கடைசிப் பெருநாள் படம் இருந்தது.

திருத்துபவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாளில் பத்துக் கணினிகளைப் பார்ப்பவருக்கு ஒவ்வொன்றின் காரணத்தையும் தேட நேரமிராது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது அவருக்கு நிச்சயமான வழி. என் கவலை வேறு. ஒரு பெண்பிள்ளையின் மடிக்கணினியை நாம் கடையில் கொடுக்கும்போது எதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறோம் என்று யோசித்திருக்கிறோமா? வீட்டுக்குள் எடுத்த உம்மாவின், தங்கைமாரின் படங்கள். திறந்தபடியே இருக்கும் மின்னஞ்சல். கைப்பேசியோடு இணைத்து வைத்த வட்ஸ்அப். இவற்றோடு, “பாஸ்வேர்டையும் எழுதித் தாங்க” என்று கேட்டால், ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியில் ஒட்டியும் கொடுக்கிறோம். வீட்டின் திறப்பை முன்பின் தெரியாத ஒருவரிடம் நான்கு நாட்களுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்குவோமா? அணைக்க வேண்டியது ஒரு குறியை மட்டும் என்றால், இந்தக் கொடுப்பனவு எவ்வளவு பெரியது!

“மகள், அதில கை வைக்காதீங்க, பழுதாப் போயிரும்” என்பது எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குரல். அதன் பின்னால் இருக்கும் பயம் நியாயமானது. பழுதானால் இன்னொன்று வாங்க எல்லோராலும் முடியாது. ஆனால் அன்பான பெற்றோர்களே, செட்டிங்ஸில் ஒரு வரியை அணைப்பதும் கணினியைக் கழற்றுவதும் ஒன்றல்ல. அணைத்ததை மீண்டும் போடலாம். எழுதி வைத்துவிட்டு மாற்றினால், வந்த வழியே திரும்பலாம். தையல் இயந்திரத்தின் நூலிழுவையைப் பிள்ளை கூட்டிக் குறைக்கும்போது நாம் பயப்படுவதில்லையே! இதுவும் அப்படிப்பட்ட வேலைதான்.

“நானா பார்த்துக்கொள்வார்” என்பது அடுத்த பதில். நானா கட்டாரில் இருக்கிறார். இரவு வேலை முடிந்து வந்து, வீடியோ அழைப்பில் கைப்பேசியைத் திரைக்கு நேரே பிடிக்கச் சொல்லி, மங்கலாகத் தெரியும் ஒரு குறியைப் பார்த்து ஊகிக்கிறார். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் குறி தெளிவாகத் தெரிகிறது. அதைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. இது எந்த வகையில் பொருத்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தேநீர் ஊற்றுப்பட்டால், பற்றரி வீங்கினால், திரை உடைந்தால், எரிந்த மணம் வந்தால், தாமதிக்காமல் போகத்தான் வேண்டும். போகுமுன் முக்கியமானவற்றை வெளியே ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுத்துக்கொண்டு, கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டுப் போக வேண்டும். எது கடைக்குரியது, எது வீட்டிலேயே முடிக்கக்கூடியது என்று பிரித்தறிவதுதான் நான் கேட்கும் அறிவு.

பாடசாலையிடம் எனது கோரிக்கை சிறியது. 12ஆம் தரத்தில் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சைக்கு நாங்கள் எல்லோரும் படிக்கிறோம். மென்பொருளின் வகைகளை எழுதுகிறோம். உள்ளீட்டுச் சாதனங்களைப் பட்டியலிடுகிறோம். அந்தப் பாடத்தோடு சேர்த்து, தவணைக்கு ஒரு பாடவேளையைத் தாருங்கள். மாணவிகள் தங்கள் வீட்டுக் கணினியில் கண்ட வேண்டாத குறிகளை வரைந்து கொண்டுவரட்டும். இது என்ன சொல்கிறது, யார் வைத்தது, யாருக்கு வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் வகுப்பாகக் கேட்போம். வீட்டில் கணினி இல்லாத தோழியரும் அந்த ஆய்வுகூடத்தில் தொட்டுப் பழகட்டும். கலைப்பிரிவு மாணவிகளை இதிலிருந்து ஒதுக்க வேண்டாம். அதிகமாகத் தமிழில் எழுதுபவர்கள் அவர்களே.

தோழியரே, உங்களிடமும் ஒன்று. அடுத்த இதழுக்கான உங்கள் ஆக்கத்தை நீங்களே யுனிகோடில் தட்டெழுதித் தாருங்கள். தாளில் எழுதிக் கொடுத்து, வேறொருவர் அதைத் தட்டெழுதும்போது ‘எ’ ‘ஏ’ ஆகி, ‘ஒ’ ‘ஓ’ ஆகி அச்சில் வந்தபின் வருந்துவதைவிட அது மேல். தட்டெழுதும்போது கீழ்மூலையில் மொழியின் பெயர் தெரியும். கெப்ஸ் லொக்கின் பெட்டி இடையிடையே வந்து போகும். வேண்டியதை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாததை அணையுங்கள். இரண்டையும் நீங்களே செய்யுங்கள். அதற்குரிய அறிவு ஒரு பாடவேளைக்குள் அடங்கிவிடும்.